ஐங்குறுநூற்றுப் பத்துகளும் புலவர்தம் படைப்பாற்றலும்

1. ஆராயும் பொருள்

சங்கச் செய்யுட்கள் திணையும் துறையும் வகுத்த எல்லைக்குள் நின்று பாடப்பட்டவை. ஆதலின் அவற்றில் ஒரு புலவரின் தனித்தன்மையைக் காண்பது அரிது என்று கூறுவார் உளர். முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளும் முன்னரே வரையறுக்கப்பட்டிருக்க, புலவன் புதிதாகப் படைப்பதற்கு எஞ்சியது யாது என்பது அவர்தம் வினா. படைப்பாற்றல் பிறவியிலேயே வாய்ப்பது, அதனைப் பயிற்சியால் வளர்த்தல் இயலாது என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் வேறு வேறு பேசுவார்போல் தோன்றினும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர். கட்டுப்பாடு படைப்புக்குப் பகை என்பதே இருவர்க்கும் அடிப்படைக் கொள்கை. முன்னவர் கட்டுப்பாடு உள்ள இடத்தில் படைப்பு இல்லை என்கின்றனர். பின்னவர் படைப்புள்ளம் எக்கட்டுப்பாட்டையும் எப்பயிற்சியையும் வேண்டுவதில்லை என்கின்றனர்.

இக்கொள்கை உண்மையாயின், இலக்கியம் கற்பிக்கும் துறைகள் படைப்பாற்றலைப் பற்றிச் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. பிறர் படைத்தவற்றுக்கு உரை சொல்வதோடு அவற்றின் கடமை முடிந்துவிடும். ஆதலின் இதனை ஆராய்வது கற்பார்க்கும் கற்பிப்பார்க்கும் இன்றியமையாததாகின்றது.

இவ்வாராய்ச்சிக்கு ஐங்குறுநூறு பெரிதும் ஏற்ற நூல். நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு ஆகிய தொகைகளில் ஒரு புலவரின் செய்யுட்கள் ஆங்காங்கே பிரிந்து கிடக்கின்றன. ஐங்குறுநூற்றிலோ ஐந்து புலவர் ஐந்து திணையை நூறு நூறாகப் பாடியுள்ளனர். மருதம் ஓரம்போகியாராலும், நெய்தல் அம்மூவனாராலும், குறிஞ்சி கபிலராலும், பாலை ஓதலாந்தையாராலும், முல்லை பேயனாராலும் பாடப்பெற்றன என்பதைப் பழைய வெண்பா ஒன்று தெரிவிக்கின்றது. தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தோன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. உ. வே. சாமிநாதையர் இந்நூலை 1903ஆம் ஆண்டில் பழைய உரையுடன் பதிப்பித்தார். செய்யுட்கள் 3 அடி முதல் 6 அடி வரை அமைந்தவை. 129, 130 ஆகிய இரண்டும் கிடைத்தில.

ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு பத்தும் ஒரு பெயர் பெற்றுள்ளது. ஒரு பொருளையோ ஒரு தொடரையோ ஒரு நிலைமையையோ பற்றிக்கொண்டு ஒரே புலவர் பத்து முறை பாடும் அமைப்பு இது. படைப்புள்ளம் தொழிற்படும் முறையை இத்துணை அருகில் நின்று காண்பதற்கு ஏனைய தொகைகள் இத்தகைய வாய்ப்பைத் தருவதில்லை. இப்பத்துகளுள் சிலவற்றை ஆராய்ந்து, கட்டுப்பாட்டினாலேயே படைப்பாற்றல் வளரும் என்பதனையும், எல்லாக் கட்டுப்பாடும் அதனை வளர்ப்பதில்லை என்பதனையும் நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பத்தின் மூவகை அமைப்பு

ஐம்பது பத்துகளையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு மூவகை அமைப்புப் புலனாகும்.

முதலாவது, ஒரு கருப்பொருள் நிலைத்து நிற்க, ஏனையவை மாறுவது. வேழப்பத்து, கள்வன் பத்து, எருமைப்பத்து, ஞாழற்பத்து, கேழற்பத்து, குரக்குப்பத்து, கிள்ளைப்பத்து, மஞ்ஞைப்பத்து ஆகியவை இவ்வகையின. இரண்டாவது, ஒரு தொடரோ சில அடிகளோ மாறாது நிற்க, எஞ்சிய பகுதி மாறுவது. அன்னாய் வாழிப்பத்து, வெள்ளாங்குருகுப்பத்து, சிறுவெண்காக்கைப்பத்து, இளவேனிற்பத்து ஆகியவற்றில் இதனைக் காணலாம். மூன்றாவது, ஒரு நிலைமை நிலைத்து நிற்பது. முல்லைத்திணையின் செவிலி கூற்றுப்பத்தும் பாசறைப்பத்தும் இதற்கு எடுத்துக்காட்டு.

மூன்றிலும் பொதுவாய் அமைந்தது ஒன்று உண்டு. செய்யுளின் ஒரு பகுதியைப் புலவர் கட்டிவைத்து விடுகின்றார். மற்றொரு பகுதியைத் திறந்து வைக்கின்றார். அத்திறந்த இடத்தைப் பத்து முறையும் வெவ்வேறாக நிரப்புதல் வேண்டும். நிரப்புவதற்கு அவர் எதனை நாடுகின்றார் என்பதைப் பொறுத்தே அப்பத்தின் உயர்வும் தாழ்வும் அமைகின்றன.

3. ஒரு புல்லைப் பத்து முறை பார்த்தல்

வேழம் என்பது நீர்க்கரையில் வளரும் நாணல் இனப் புல். அதற்கென்று பெருஞ்சிறப்பு ஒன்றும் இல்லை. தாமரைபோல் பாராட்டப்படுவதுமன்று, வேங்கைபோல் நிறத்தால் கவர்வதுமன்று. இப்புல்லை ஓரம்போகியார் பத்துச் செய்யுட்களில் (11-20) வைத்துப் பாடுகின்றார்.

முதற் செய்யுளில் வீட்டில் நட்டு வளர்த்த வயலைக்கொடி புறத்தே நிற்கும் வேழத்தைச் சுற்றுகின்றது. பிறிதொன்றில் வேழம் கரும்பைப்போல் பூக்கின்றது. மற்றொன்றில் அதன் வெண்பூ குதிரையின் தலைமயிர்போல் தோன்றுகின்றது. ஒன்றில் அப்பூத் தீண்ட மாந்தளிர் அசைகின்றது. ஒன்றில் நீராடும் மகளிர்க்கு வேழம் துணையாகின்றது. ஒன்றில் வானத்தில் பறக்கும் குருகாக அதன் பூக் காட்சியளிக்கின்றது. 16ஆம் செய்யுளில் அதன் உள்துளையுடைய தண்டினுள் ஏவல் மகளிர் மை பெய்து வைக்கின்றனர்.

வேழத்தைப் பற்றிப் பொதுவாக அறிந்தவன் அது கரையில் வளரும், வெண்ணிறமாகப் பூக்கும் என்ற இரண்டனைச் சொல்வான். அவ்விரண்டும் இரண்டு செய்யுளில் தீர்ந்துவிடும். எஞ்சிய எட்டுக்கு அவன் மீண்டும் ஆற்றங்கரைக்குச் செல்லுதல் வேண்டும். தண்டு உள்ளே துளையுடையது என்பதும், ஏழை மகளிர்க்கு அது மைக்குழாய் ஆகும் என்பதும் நூலறிவால் பெறத்தக்கன அல்ல. பார்த்தும் பழகியும் அறிதற்குரியன. பத்து என்னும் எண், புலவரைச் சொல்லினின்றும் பொருளுக்குத் துரத்துகின்றது.

பார்த்தல் மட்டும் செய்யுள் ஆகாது. 16ஆம் செய்யுளின் பிற்பகுதியில், தலைவனை நினைந்து தலைவியின் மையுண்ட கண்கள் பசலையாற் பொன்னிறம் போர்த்தன என்று கூறப்படுகின்றது. மை வேழத்தின் தண்டில் இருக்கின்றது; மை எழுதப்படவேண்டிய கண்ணிலோ பசலை படர்ந்திருக்கின்றது. ஊரெங்கும் மை எளிதாய்க் கிடைக்க, அம்மையால் அழகுபெறும் கண்கள் மட்டும் அழகிழந்து நிற்கும் முரணைப் புலவர் வாய்திறந்து விளக்கவில்லை. புல்லின் துளையைக் கண்ட கண்ணே தலைவியின் கண்ணையும் கண்டது. புறப்பொருளில் கண்ட ஒரு நுட்பம் அகவுணர்ச்சியில் ஒரு விடையைப் பெறும்போதே படைப்பு நிகழ்கின்றது.

முதற் செய்யுளும் அத்தகையதே. மனையிற் பிறந்து புறத்தே சென்று பற்றும் வயலைக்கொடி, தலைவனின் ஒழுக்கத்தை உள்ளுறையாக உணர்த்துகின்றது. அவனை நல்லன் என்று தலைவியின் வாய் சொல்ல, அவளுடைய மெலிந்த தோள் அதனை மறுக்கின்றது. கொடி தன் இடம் விட்டு இயங்குவதைக் கூறிய செய்யுளில், உடம்பு தன் வாய்க்கு எதிராகச் சான்று கூறுகின்றது.

இப்பத்தில் நலிந்த இடங்களும் உள. கரும்பின் ஒப்புமை 12, 18 ஆகிய இரண்டிலும் வருகின்றது. தண்டின் துளை 16, 20 ஆகிய இரண்டிலும் வருகின்றது. இதனைக் குறையென்று கூறி விடுதல் எளிது. ஆயின், படைப்புள்ளம் தான் கண்டதன்பாலே மீண்டும் சென்று வேறொன்று தேடும் முயற்சியை இவ்விடங்கள் காட்டுகின்றன என்பதே பொருத்தம்.

4. மாறாத அடிகளும் மாறும் நாரையும்

வெள்ளாங்குருகுப்பத்து (151-160) மேலும் கடுமையான கட்டுப்பாட்டை மேற்கொண்டது. இதன்கண் அம்மூவனார் முதலிரண்டு அடிகளைப் பத்துச் செய்யுட்களிலும் சிறிதும் மாற்றவில்லை. வெள்ளாங்குருகின் குஞ்சு இறந்ததாக, அதனைக் காணச் சென்றது மென்னடை நாரை ஒன்று. இதுவே அவ்வடிகளின் பொருள். சிறு செய்யுள் ஒன்றில் இரண்டடி கைவிட்டுப் போயின், எஞ்சுவன இரண்டோ மூன்றோ அடிகளே. அவற்றுள் நாரை என்ன செய்தது என்பதும், தலைவியோ தோழியோ என்ன சொன்னாள் என்பதும் அடங்குதல் வேண்டும்.

இங்கு நிலைத்த அடிகள் வெறும் பல்லவியாக நிற்கவில்லை. ஒரு வினாவை எழுப்பி நிற்கின்றன. தனக்கு உரிமையில்லாத ஒரு சாவைக் காணச் சென்ற நாரையின் செயல் அருளா, வெற்று ஆரவாரமா? துன்பத்தைப் பகிர்ந்துகொள்ளச் சென்றதா, தன் இரையை நாடிச் சென்றதா? பரத்தையர்பாற் சென்று வரும் தலைவனின் உள்ளத்தைப் பற்றியும் இவ்வினாவே எழுகின்றது. ஆதலின் நாரையின் ஒவ்வொரு செயலும் தலைவனைப் பற்றிய ஒவ்வொரு தீர்ப்பாக அமைய இடமுண்டாகின்றது.

ஒரு செய்யுளில் நாரை மிதிக்க நெய்தல் மலர்கின்றது. ஒன்றில் அது செயலற்று அரற்றுகின்றது. ஒன்றில் அது சிறகை உதற, உதிர்ந்த இறகுகள் மணற்குவியலிற் கிடக்கின்றன. ஒன்றில் கானலிலே தங்கிவிடுகின்றது. ஒன்றில் துணையொடு சுற்றித் திரிகின்றது. ஒன்றில் நோவின்மேல் நோவு மிகுகின்றது.

159ஆம் செய்யுளில் நாரை பசி வருத்தவும் அவ்விடத்திலேயே தங்குகின்றது. அச்செய்யுளில் தோழி தலைவனிடம், தான் இரப்பது ஒன்றுமில்லை, அவன் கவர்ந்த தலைவியின் நலத்தைத் தந்து செல்க என்று கூறுகின்றாள். பசித்தும் இரை தேடாத பறவையும், இழந்தும் இரவாத தோழியும் ஒருங்கு நிற்கின்றனர். கொண்டதைத் திருப்பித் தருக என்பது இரத்தல் ஆகாது; அது வழக்குரைத்தல். இரப்பு என்னும் சொல்லை மறுத்ததனால் செய்யுள் முழுவதும் மானம் பெறுகின்றது.

155ஆம் செய்யுள் இப்பத்தின் கொடுமுடி எனத் தகும். நாரை பதறியதால் சிதைந்த நெய்தல் ஓதத்தோடு பெயர்ந்து செல்கின்றது. வாயில் நேராது ஊடி நிற்கும் தலைவியிடம், மகப்பேற்றுக்குரிய காலம் வீணே கழிகின்றது என்று தோழி இடித்துரைக்கின்றாள். அதற்குத் தலைவி, பசிய கோரையால் செய்த பாவையைத் தான் ஈன்றுவிட்டதாக மறுமொழி கூறுகின்றாள். ஒரு பறவையின் குஞ்சு இறந்ததைச் சொல்லித் தொடங்கிய செய்யுள், பிறவாத குழந்தையின் இடத்தில் ஒரு கோரைப் பாவையை வைத்து முடிகின்றது. நிலைத்த அடிகளில் பத்து முறையும் உடனிருந்த பிள்ளை என்னும் சொல், இங்கே தன் முழுப் பொருளையும் பெறுகின்றது. இதனைத் தனிச் செய்யுளாகப் படிப்பார் தலைவியின் கசப்பை மட்டுமே உணர்வர். பத்தையும் சேர்த்துப் படிப்பாரே அச்சொல் எத்துணை நேரம் காத்திருந்தது என்பதை உணர்வர்.

5. பயிற்சியின் தடம்

அம்மூவனாரின் சிறுவெண்காக்கைப்பத்து (161-170) வேறொரு வகையில் நமக்குப் பயன்படுகின்றது. இதில் நிலைத்து நிற்பது முதலடி ஒன்றே: பெருங்கடற்கரையில் வாழும் சிறுவெண்காக்கை. அப்பறவை என்ன செய்கின்றது என்பதே திறந்த இடம்.

164, 165, 167 ஆகிய மூன்று செய்யுட்களிலும் அது மீன் தின்கின்றது. ஒன்றில் அயிரை, ஒன்றில் கழியின் சிறுமீன், ஒன்றில் கெடிற்றினம். இவற்றில் பெயரே மாறுகின்றது; பார்வை மாறவில்லை. கடற்பறவை மீன் தின்னும் என்பது எவர்க்கும் முதலில் தோன்றும் விடை. புலவர்க்கும் அவ்வாறே தோன்றியிருக்கின்றது. அதனை அவர் மறைக்கவுமில்லை.

166ஆம் செய்யுளிலோ அப்பறவை வரியுடைய வெண்பலகறையைக் கண்டு வலை என்று கருதி அஞ்சுகின்றது. 168ஆம் செய்யுளில் துறையிற் கிடக்கும் அம்பியின் உள்ளே முட்டையிடுகின்றது. முன்னதில் பறவைக்கு ஒரு மனம் வந்துவிட்டது. முன்னொரு நாள் வலையில் அகப்பட்டுத் தப்பியது போலும் என்று நாம் எண்ணுகின்றோம். பின்னதில் பறவைக்கு ஒரு வாழ்வு வந்துவிட்டது. அம்பி இன்று துறையில் கிடக்கும். நாளை கடலுக்குச் செல்லும். அதனுள் இட்ட முட்டையின் நிலை, தலைவன் வரைந்துகொள்வானோ மாட்டானோ என்று பாலும் உண்ணாது வருந்தியிருக்கும் தலைவியின் நிலையேயாகும். துறைவன் அருளினால் அவள் பால் உண்பாள் என்று செய்யுள் முடிவது இதனை வலியுறுத்துகின்றது.

எளிய விடையும் அரிய விடையும் ஒரே பத்தில் ஒருங்கு நிற்பதனால் ஓர் உண்மை புலனாகின்றது. அரிய விடையைத் தருபவர் எளிய விடை தோன்றாதவர் அல்லர். எளிய விடையோடு நின்றுவிடாதவர். ஒரு செய்யுளோடு அமைந்திருந்தால் மீனோடு பாட்டு முடிந்திருக்கும். பத்துப் பாடவேண்டும் என்ற கட்டுப்பாடே அம்பியை நோக்கி அவர் கண்ணைச் செலுத்தியது. குறுந்தொகை 49ஆம் செய்யுளில் முண்டகத்துக்கு அணிலின் பல்லை உவமை கூறியவரும் இப்புலவரே. அவ்வுவமையைக் கண்ட கண்ணும், பலகறையை வலையாகக் கண்ட பறவையின் அச்சத்தை உணர்ந்த உள்ளமும் ஒரே பயிற்சியின் விளைவு எனக் கருத இடமுண்டு.

மாற்றம் எல்லாம் படைப்பு ஆகாது என்பதற்கு ஓதலாந்தையாரின் இளவேனிற்பத்தை (341-350) ஒப்பிட்டுக் காணலாம். தலைவர் வரவில்லை, பருவம் வந்துவிட்டது என்னும் கருத்துடைய தொடர் பத்திலும் முதற்கண் நிற்கின்றது. அத்தொடர் மிக்க ஆற்றல் உடையது. ஆளின் வாராமையும் பொழுதின் வருகையும் ஒரே அடியில் மோதுகின்றன. ஆயின் அதனை அடுத்து வருவன பெரும்பாலும் மலர்களின் வரிசையே. நுணவம், கோங்கம், அதிரல், பாதிரி, மராஅம் என்று ஒன்றன் இடத்தில் ஒன்று வந்து அமர்கின்றது. ஒன்றை எடுத்து மற்றொன்றை வைப்பினும் உணர்ச்சியில் பெரிய வேறுபாடு நேர்வதில்லை. குரவம் தந்த, கையாற் செய்யப்படாத பாவையை மகளிர் கொய்யும் பொழுது என்னும் 344ஆம் செய்யுள் மட்டும் தனித்து நிற்கின்றது. அங்கே மலர் ஒரு விளையாட்டையும் ஓர் இளமையையும் உடன் கொண்டு வருகின்றது. ஓதலாந்தையார் ஆற்றல் குறைந்தவர் என்பது இதனால் பெறப்படும் முடிபு அன்று. முதலடி தானே முழுமை பெற்றுவிட்டமையின், திறந்த இடம் புலவரை நெருக்கவில்லை என்பதே முடிபு.

கபிலரின் அன்னாய் வாழிப்பத்தில் (201-210) நிலைத்த தொடர் ஒரு விளி மட்டுமே. அது ஒன்றையும் முடிக்கவில்லை. பேசத் தொடங்குவதற்கு வாயிலைத் திறந்துவிடுகின்றது. அதனால்தான் 203ஆம் செய்யுளில், தலைவன் நாட்டில் மான் உண்டு எஞ்சிய, தழை மூடிய கூவலின் கலங்கல் நீர், தம் தோட்டத்துத் தேன் கலந்த பாலினும் இனியது என்று தலைவி கூறும் சொல்லுக்கு இடமுண்டாயிற்று.

6. ஒரு தடை

இந்நிலைத்த அடிகள் புலவரின் தெரிவு அல்ல. வாய்மொழி மரபில் பாணர் கையாண்ட பொதுத்தொடர்களின் எச்சமே என்று தடை கூறலாம். க. கைலாசபதி 1968இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில், கிரேக்கக் காப்பியங்களுக்கு மில்மன் பாரி கண்ட வாய்மொழிப் பாடற் கொள்கையைச் சங்கச் செய்யுட்களுக்குப் பொருத்தி ஆராய்ந்தார். சங்கப் புலவரைத் தம் காலச் சமுதாயத்தினின்றும் பிரித்துக் காணுதல் ஆகாது என்பதை அவ்வாராய்ச்சி வலியுறுத்தியது. அதன் பயனை மறுத்தற்கில்லை.

ஆயின் பொதுத்தொடர் செய்யும் பணி வேறு. பத்தின் நிலையடி செய்யும் பணி வேறு. பொதுத்தொடர் பாடுவோனுக்கு ஓய்வு தருவது. அது நிற்கும் இடத்தில் அவன் உள்ளம் அடுத்த அடியைத் தேடிக்கொள்கின்றது. கேட்போரும் அதனைக் கவனியாது கடந்து செல்கின்றனர். பத்தின் நிலையடியோ முன்னே வந்து நின்று தன்னைக் கவனிக்கச் சொல்கின்றது. தொடர்ந்து பத்து முறை கேட்கும்போது, இம்முறை நாரை என்ன செய்யப் போகின்றது என்னும் எதிர்பார்ப்பே கேட்போர்க்கு உண்டாகின்றது. வாய்மொழி மரபினின்றும் இவ்வழக்கம் தோன்றியிருப்பினும், அம்மூவனார் கையில் அது வேறொரு கருவியாகிவிட்டது. தொண்டிப்பத்தில் (171-180) அவரே ஒரு செய்யுளின் முடிவை அடுத்ததன் தொடக்கமாக்கி அந்தாதியாகப் பாடியிருப்பது, இவ்வமைப்புகளை அவர் அறிந்தே தெரிந்து மேற்கொண்டார் என்பதற்குச் சான்றாகும்.

7. வளர்க்கும் கட்டுப்பாடும் வளர்க்காத கட்டுப்பாடும்

கட்டுப்பாடு படைப்பாற்றலை வளர்க்குமாயின், பிற்காலத்து யமகமும் திரிபும் மடக்கும் சங்கச் செய்யுளினும் சிறந்த படைப்புகளைத் தந்திருத்தல் வேண்டுமன்றோ என்று வினவலாம். அவற்றின் கட்டுப்பாடு இன்னும் கடியது. ஆயினும் அவற்றுட் பலவற்றைப் புலமைக்காகப் போற்றுகின்றோமேயன்றி அனுபவத்துக்காக நாடுவதில்லை. காரணம் யாது?

கட்டுப்பாடு புலவனை எங்கே அனுப்புகின்றது என்பதிலேயே விடை உள்ளது. ஒரே எழுத்துத் தொடர் நான்கடியிலும் வெவ்வேறு பொருளில் வரவேண்டும் என்பது யமகம். அதனை நிறைவேற்றப் புலவன் நிகண்டுக்குச் செல்கின்றான். வேழத்தைப் பத்து முறை பாடவேண்டும் என்பது பத்து. அதனை நிறைவேற்றப் புலவன் நீர்க்கரைக்குச் செல்கின்றான். முன்னது சொல்லிலிருந்து சொல்லுக்குச் செலுத்துவது. பின்னது சொல்லிலிருந்து பொருளுக்கும் பொருளிலிருந்து உள்ளத்துக்கும் செலுத்துவது. காளமேகத்தின் சிலேடைகளுட் சில இன்றும் மகிழ்விப்பதற்குச் சொல்லொப்புமை மட்டும் காரணம் அன்று. பாம்பையும் வாழைப்பழத்தையும் அவர் உண்மையாகவே கூர்ந்து பார்த்திருக்கின்றார். சொல்விளையாட்டினுள்ளும் கண் விழித்திருக்கின்றது.

தொல்காப்பியர் செய்யுளியலில் வனப்பு எட்டனுள் ஒன்றாக விருந்து என்பதனைக் கூறுகின்றார். புதிதாகப் புனையும் யாப்பினைப் பற்றியது அது. புதுமைக்கு விருந்து என்று பெயரிட்டமை எண்ணத்தக்கது. விருந்து என்பது புதிதாக வருவது. ஆயின் ஏற்கெனவே இருக்கும் வீட்டுக்கு வருவது. வீடு இல்லாதவன் விருந்து ஏற்றல் இயலாது. மரபாகிய வீட்டில் இடம் ஒழித்து வைப்பவனுக்கே புதுமை வருகின்றது என்னும் கருத்தினை அப்பெயர் தன்னுள் கொண்டுள்ளது எனலாம்.

8. கல்வித்துறைக்கு இதனாற் பெறப்படுவது

நன்னூலார் பொதுப்பாயிரத்தில் கல்வி நிரம்பும் முறையைக் கூறுகின்றார். ஆசிரியர் உரைப்பதை நன்கு கொண்டாலும் காற்கூறே புலமை வரும். உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு கால். பிறர்க்கு விரித்துரைத்தலால் எஞ்சிய அரை. கேட்டலினும் செய்தலுக்கே மிகுதியான பங்கு அளிக்கப்பட்டுள்ளது என்பது கருதத்தக்கது. பழைய தமிழ்க் கல்வியில் கற்றலும் செய்யுள் இயற்றலும் பிரிந்து நின்றனவல்ல. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) புராணச் செய்யுட்களை வாயாற் சொல்லிக்கொண்டே செல்ல, மாணாக்கர் அவற்றை ஏட்டில் எழுதினர் என்பதை அவர் மாணவராகிய உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். செய்யுள் எவ்வாறு உருவாகின்றது என்பதை அம்மாணாக்கர் கண்ணெதிரே கண்டனர். அம்முறையின் குறைகள் பல. ஆயினும் பாடத்தையும் படைப்பையும் இரு வேறு உலகங்களாக அது ஆக்கவில்லை.

இந்நாளில் சில பட்ட வகுப்புகளில் படைப்பிலக்கியம் ஒரு தாளாக இடம்பெறுகின்றது. அது வரவேற்கத்தக்கதே. ஆயின் அத்தாள் இலக்கியவகைகளின் இலக்கணத்தை மனனம் செய்து விடையெழுதும் மற்றொரு தாளாகிவிடுமாயின் பயன் இல்லை. விரும்பியதை விரும்பியவாறு எழுதுக என்று விட்டுவிடினும் பயன் சிறிதே. விரும்பியவாறு எழுதச் சொல்லப்பட்ட மாணவர் முதலில் தோன்றும் விடையையே எழுதுவர். கடற்பறவை மீன் தின்னும்.

ஐங்குறுநூறு காட்டும் வழி வேறு. சிறப்பில்லாத ஒரு பொருளைத் தெரிந்துகொள்ளுதல். அதன் ஒரு பகுதியை நிலைநிறுத்தி ஒரு பகுதியைத் திறந்து வைத்தல். எளிய விடைகள் தீரும்வரை எழுதுதல். தீர்ந்தபின் பொருளிடம் மீண்டும் சென்று பார்த்தல். கண்டதற்கு மனித உள்ளத்தில் விடை தேடுதல். பத்தில் எவை நின்றன, எவை நிற்கவில்லை என்று தாமே தெளிதல். இவற்றுள் எதற்கும் பிறவித்திறம் முன்வேண்டுவதில்லை. பிறவித்திறம் ஒருவர்க்கு உண்டா இல்லையா என்பதும் இப்பயிற்சிக்குப் பின்னரே தெரியவரும்.

திறனாய்வாளர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பாடத்தொகுப்புகளில் ஒரு பத்திலிருந்து ஒன்றிரண்டு செய்யுட்களை மட்டும் எடுத்து வைக்கும் வழக்கம் உள்ளது. அவ்வாறு எடுக்கும்போது சிறந்த செய்யுள் கிடைக்கின்றது. அதனைச் சிறப்பித்த முயற்சி மறைந்துவிடுகின்றது. கோரைப் பாவைச் செய்யுளை ஏனைய ஒன்பதினின்றும் பிரித்துக் கற்கும் மாணவர், அது எங்கிருந்தோ தானே வந்து விழுந்தது என்றே எண்ணுவர். படைப்பாற்றல் சிலர்க்கே வாய்க்கும் அருள் என்ற எண்ணம் அங்கேதான் வேர்கொள்கின்றது. பத்தினை முழுமையாகக் கற்பிப்பின், நலிந்தவையும் நிமிர்ந்தவையும் ஒரே கையினின்றும் வந்தமையை அவர் காண்பர். தம் நலிந்த முயற்சிகளைக் கண்டு கைவிட்டுவிடாமைக்கு அக்காட்சியே துணையாகும்.

தொகுத்துரைப்பின், சங்க மரபு புலவர்தம் தனித்தன்மையை அழிக்கவில்லை. அது வெளிப்படுதற்குரிய இடத்தை ஒடுக்கிக் கொடுத்தது. ஒடுங்கிய இடத்தில் நின்றமையால் அவர் கூர்ந்து பார்த்தனர். ஒரே திணைமரபுக்குள், ஒரே பத்து அமைப்புக்குள், ஓரம்போகியார் புல்லின் துளையில் மையைக் கண்டார். அம்மூவனார் அம்பியில் முட்டையைக் கண்டார். கபிலர் கலங்கல் நீரில் இனிமையைக் கண்டார். மூவரும் ஒருவரல்லர் என்பதை அறிய இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.